அலுமினியத்தில் மரை போனால்

இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று லேசாகிவிடும். ஸ்பேனரில் அதுவரை உணர்ந்த எதிர்ப்பு ஒரே நொடியில் காணாமல் போகும். இன்னும் கால் சுற்று திருப்பினால் பிடிப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களுக்குள் வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் ஒன்று சிக்கியிருக்கும். துளைக்குள் இருந்த மரை அதுதான். அலுமினியத்திலிருந்து முழுசாக உரிந்து வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் பைக் வைத்திருக்கும் பலர் ஆயில் மாற்றும் இடத்தில் இதைப் பார்த்திருப்பார்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்தான் அந்த வண்டியிலேயே அதிகம் கழற்றி மாட்டப்படும் போல்ட்களில் ஒன்று. “மரை போயிடுச்சு” என்று மெக்கானிக் சொன்னதும் வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். எஞ்சின் கேஸையே மாற்றிவிடலாம், அல்லது ஒரு சைஸ் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றிவிடலாம். முதலாவது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. இரண்டாவது, தொல்லையை அடுத்த ஆயில் மாற்றத்துக்குத் தள்ளிப்போடுவது. இன்னொரு வழி இருக்கிறது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்குள் எஃகு மரை ஒன்றைப் பொருத்தி, பழைய அளவு போல்ட்டையே திரும்பப் போடலாம். ஒழுங்காகச் செய்தால் அந்தத் துளை தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட உறுதியாகவே இருக்கும். கணக்குப் போட்டே இதைக் காட்டலாம்.

மரை என்பது உருளையின் மேல் சுற்றிய ஒரு சாய்தளம். கொல்லிமலைக்கு ஏறும் சாலை மலையை வளைந்து வளைந்து சுற்றி உயரத்தைத் தூரமாக மாற்றிக்கொள்வதுபோல, மரையும் கையின் சுழற்சியை மிகச் சிறிய முன்னேற்றமாக மாற்றுகிறது. 12 மி.மீ விட்டமும் 1.5 மி.மீ மரை இடைவெளியும் உள்ள போல்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது 1.5 மி.மீ மட்டுமே உள்ளே போகும். அந்தச் சிறு நகர்வுக்குள் கைவிசை பல மடங்காகப் பெருகிவிடுகிறது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல சிறு பைக் எஞ்சின்களில் ட்ரெயின் போல்ட் இந்த அளவுதான். அதை இறுக்க நிறுவனங்கள் சொல்லும் டார்க், அதாவது முறுக்குவிசை, சுமார் 24 நியூட்டன்-மீட்டர். பொறியாளர்களின் தோராயக் கணக்குப்படி, உலர்ந்த மரையில் இந்த டார்க் சுமார் 10,000 நியூட்டன் இழுவிசையை உண்டாக்கும். ஒரு டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். சுட்டுவிரல் நீளம்கூட இல்லாத போல்ட் அதைச் சுமக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி, போல்ட்டின் தலைக்கும் அது அமரும் பரப்புக்கும் இடையிலான உராய்விலேயே செலவாகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வில் போகிறது. மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டி, இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. அதனால் உராய்வு சற்றுக் குறைந்தாலும் இழுவிசை எகிறிவிடும். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை எண்ணெய் தடவிய மரைக்குக் கொடுத்தால் ஒரு டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றேகால், ஒன்றரை டன் வந்து நிற்கும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மரை உரிவது இப்படித்தான்.

சரி, அலுமினியம் எவ்வளவு தாங்கும்? பைக் எஞ்சின் கேஸ்கள் பெரும்பாலும் அலுமினியத்தோடு சிலிக்கான், செம்பு சேர்த்து அச்சில் வார்க்கப்படுபவை. ஏடிசி12 என்ற ஜப்பானியத் தர எண் கொண்ட கலவை இதில் மிகப் பரவலானது. இத்தகைய வார்ப்பை வெட்டிப் பிய்க்க ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 150 நியூட்டனுக்கு மேல் தேவை. 12 மி.மீ போல்ட் 10 மி.மீ ஆழத்துக்கு நன்றாகப் பிடித்திருந்தால், உரிய வேண்டிய மரையின் அடிப்பரப்பு 300 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆக, நல்ல நிலையில் உள்ள அலுமினிய மரை நான்கு டன்னுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். தேவையோ ஒரு டன். நான்கு மடங்கு கையிருப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் மரை போகிறது என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் ஒரு வாஷரிலிருந்து தொடங்குகிறது. ட்ரெயின் போல்ட்டின் கீழ் அலுமினியத்திலோ செம்பிலோ ஒரு மெல்லிய வாஷர் இருக்கும். எண்ணெய் கசியாமல் தடுப்பது அதுதான், மரை அல்ல. ஒரு முறை நசுங்கி இறுகியதும் அதன் மென்மை போய்விடும். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் ஓரத்தில் எண்ணெய் துளிர்க்கும். துளிர்த்த எண்ணெயைப் பார்த்ததும் கை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லும். 25 செ.மீ நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ அழுத்தம் கொடுப்பது சாதாரண ஆளுக்கு ஒரு சிரமமும் இல்லாத வேலை. ஆனால் அது 50 நியூட்டன்-மீட்டர், சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு. ஒரு டன் இருந்த இடத்தில் இப்போது இரண்டு டன். போல்ட்டைக் கையால் தொடங்காமல் ஸ்பேனராலேயே தொடங்கி, அது கோணலாக ஏறி, இரண்டு மூன்று சுற்று மட்டுமே உண்மையில் பிடித்திருந்தால், தாங்கும் பலம் ஒன்றேகால் டன்னுக்கு இறங்கியிருக்கும். நான்கு மடங்கு கையிருப்பு முழுவதும் இப்படிக் கரைந்துபோகிறது. ஒரு புது வாஷரின் விலை என்ன, அதைப் போடாததால் போகும் கேஸின் விலை என்ன என்பதைப் பைக் வைத்திருக்கும் எவரும் யோசிக்கலாம்.

தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. அலுமினியத்தின் மேற்பரப்பில் காற்று பட்டதுமே சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் உண்டாகிறது. அந்த ஆக்சைடு மிகக் கடினமானது. உப்புத்தாளில் தேய்ப்புப் பொருளாக இருப்பதும் அதே வகைதான். ஒரு டன் அழுத்தத்தில் எஃகு போல்ட் அதன்மேல் வழுக்கும்போது படலம் உடைகிறது. கீழே இருக்கும் மென்மையான உலோகம் போல்ட்டோடு ஒட்டிப் பிய்கிறது. பிய்ந்த துகள் அடுத்த முறை அரமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சம். கடலோர ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். உப்பு கலந்த ஈரம் புகுந்தால் எஃகும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம். அரிப்பில் விளையும் வெள்ளைத் தூள் மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு போல்ட்டைக் கழற்றும்போது மரையும் கூடவே வரும்.

கார் எஞ்சின் பிளாக்கில் கதை இன்னும் கனமானது. அங்கே சிலிண்டர் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் ஹெட் போல்ட்கள் ஒவ்வொன்றும் பல டன் இழுவிசையில் நிற்கின்றன. 88 மி.மீ விட்டமுள்ள சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் 70 பார் ஏறினால், ஹெட்டை மேலே தள்ளும் விசை மட்டும் நான்கு டன்னைத் தாண்டும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அது தள்ளிவிட்டு விடுகிறது. இதோடு வெப்பமும் சேர்கிறது. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். 100 மி.மீ நீளமுள்ள எஃகு போல்ட் அலுமினியத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 80 டிகிரி சூடேறும்போது அலுமினியம் சுமார் 0.18 மி.மீ வளர்கிறது, போல்ட் 0.1 மி.மீக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. மீதி 0.09 மி.மீ அளவுக்குப் போல்ட் வலுக்கட்டாயமாக நீட்டப்படுகிறது. 10 மி.மீ போல்ட்டில் இதனால் மட்டுமே ஒரு டன் வரை கூடுதல் இழுவிசை ஏறலாம். வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறியதும் அது இறங்கும். காலையில் மறுபடி ஏறும். சூட்டில் அலுமினியம் மெல்ல இளகிக் கொடுக்கும் குணமும் உடையது. வருடக்கணக்கில் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மரைகள் அளவு குறைவாக இருந்துவிட்டால் ஒருநாள் கைவிட்டுவிடும்.

பெரிய நிறுவனங்களே இதில் அடி வாங்கியிருக்கின்றன. கடிலாக் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1990களில் கொண்டுவந்த 4.6 லிட்டர் நார்த்ஸ்டார் எஞ்சின் தொழில்நுட்ப ரீதியில் அன்று பெரிதும் பேசப்பட்டது. முழு அலுமினியம், எட்டு சிலிண்டர். ஆனால் ஓடி ஓடி வயதான எஞ்சின்களில் ஹெட் போல்ட்கள் பிளாக்கின் மரையைப் பிடுங்கிக்கொண்டு தளர்ந்தன. ஹெட் கேஸ்கெட் கசிந்து எஞ்சின் சூடேறியது. பிற்காலப் பிளாக்குகளில் இடைவெளி அதிகமான, ஆழமான மரைக்கு மாறினார்கள். டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ என்ற 2.4 லிட்டர் எஞ்சினிலும் இதே குறை வந்தது. இந்தியாவிலும் விற்ற கேம்ரியில் இருந்த எஞ்சின் அது. 2000களின் முற்பகுதியில் தயாரான பிளாக்குகளில் பின்பக்கத்து ஹெட் போல்ட்களின் மரை உரிந்து கூலண்ட் கசிந்தது. மரைப் பகுதியின் நீளத்தைக் கூட்டித்தான் நிறுவனம் அதைச் சரிசெய்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களுக்கோ, இரண்டு நிறுவனங்களின் கார்களிலும், எஃகு மரைப் புஷ்ஷைப் பொருத்துவதே தீர்வாக அமைந்தது. போர்ஷே 911 கார்களில் 1970களில் இன்னும் மென்மையான மெக்னீசியம் கேஸ் இருந்தது. 2.7 லிட்டர் எஞ்சின்களில் ஸ்டட்கள் கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. அவற்றைப் பிரித்து வேலை பார்ப்பவர்கள் இன்றும் எல்லா ஸ்டட் துளைகளுக்கும் எஃகு புஷ் போட்டுவிட்டுத்தான் திரும்பப் பூட்டுகிறார்கள்.

இந்த இரண்டு திருத்தங்களும், அதாவது நீளத்தைக் கூட்டியதும் மரையை ஆழமாக்கியதும், ஒரே தேவையிலிருந்து வந்தவை. மென்மையான உலோகம் பரப்பால்தான் தாங்கும். எஃகுத் துளையில் போல்ட்டின் விட்டம் அளவுக்கு ஆழம் பிடித்திருந்தாலே போதும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு விட்டம் வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் பழைய விதி. ஆனால் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. எல்லா மரைச் சுற்றுகளும் சமமாகச் சுமப்பதில்லை. எஃகு போல்ட்டும் எஃகு நட்டும் சேரும்போது, இறுகும் முகத்துக்கு அருகிலுள்ள முதல் சுற்றே மொத்தப் பளுவில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. சோப்வித் என்ற ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பங்கீட்டைக் கணிதமாக விளக்கியது. இழுவையில் போல்ட் நீள்கிறது, நட் நசுங்குகிறது. இரண்டின் மரை இடைவெளியும் மிகச் சிறிதளவு பொருந்தாமல் போக, முதல் சுற்றுகளே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. கடைசிச் சுற்றுகள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்கு வளைந்து கொடுப்பதால் அதில் பங்கீடு ஓரளவு சீராகிறது. அந்த மென்மையில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது. இருந்தாலும் முதல் சுற்றுதான் முதலில் போகும். அது போனதும் பளு அடுத்த சுற்றுக்கு மாறும். பிறகு எல்லாம் ஒரே இழுப்பில் உரியும்.

எஃகு மரையைப் பொருத்துவது இந்தப் பரப்புக் கணக்கில்தான் ஜெயிக்கிறது. 6 மி.மீ போல்ட்டுக்கு, எஃகு மரை வகைகளில் ஒன்றான கம்பிச்சுருளைப் பொருத்த அலுமினியத்தில் வெட்டப்படும் புதிய மரையின் வெளிவிட்டம் 7.3 மி.மீ. 10 மி.மீ போல்ட்டுக்கு அது 12 மி.மீக்கு அருகில். அதாவது அலுமினியம் பற்றியிருக்கும் உருளையின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே ஆழத்தில் உரிய வேண்டிய பரப்பும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. போல்ட் இனி எத்தனை முறை கழன்றாலும் அது உரசுவது எஃகின்மேல். அலுமினியத்தில் ஒரே ஒரு முறை மரை வெட்டப்பட்டு, அதில் ஒரு பொருள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தேய்மானம் அதைத் தொடவே தொடாது. தேய்மானமும் ஓர் எதிரி என்று பார்த்தோம் அல்லவா, அந்த எதிரியை எஃகு வாங்கிக்கொள்கிறது.

பொருத்தப்படும் மரைகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று கம்பிச்சுருள். ஹெலிகாயில் என்ற வணிகப் பெயரே பட்டறைகளில் அதன் பொதுப்பெயராகிவிட்டது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வைர வடிவ வெட்டுமுகம் வரும்படி உருட்டி, சுருளாகச் சுற்றியிருப்பார்கள். கம்பியின் வெளிக்கூர் அலுமினிய மரையின் பள்ளத்தில் அமரும். உள்கூர் போல்ட்டுக்கு மரையாகும். துளையைவிடச் சுருள் சற்றுப் பெரிது. உள்ளே ஏற்றும்போது சுருங்கும், விட்டதும் விரிந்து துளைச் சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும். பசையோ ஊசியோ இல்லாமல் அது நகராமல் இருப்பது இதனால்தான். சுருள் வளைந்து கொடுப்பதால் முதல் சுற்றில் குவியும் பளுவும் ஓரளவு மற்றச் சுற்றுகளுக்குப் பரவுகிறது. இரண்டாவது குடும்பம், கெட்டியான குழாய்ப் புஷ். உள்ளும் வெளியும் மரை வெட்டிய எஃகுக் குழாய். டைம்-செர்ட் என்ற வகையில் மேலே ஒரு சிறு விளிம்பு இருக்கும். அது குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே புஷ்ஷை இறங்கவிடாது. அடியிலுள்ள சில மரைகள் முழுதாக வெட்டப்படாமல் இருக்கும். பொருத்தும் கருவி அவற்றை வெளியே விரித்து அலுமினியத்தில் பூட்டிவிடும். கீன்செர்ட் என்ற வகையில் பக்கவாட்டில் உள்ள சிறு ஆப்புகளைத் தட்டி இறக்கிப் பூட்டுவார்கள்.

இவை ஏதோ உடைந்ததை ஒட்டவைக்கும் சாமான்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்திலேயே எஞ்சினின் கிராங்கேஸ் வார்ப்பு அலுமினியம்தான். எடை குறைய அதைவிட்டால் வழியில்லை. விமான எஞ்சின்கள் பெரிதாகப் பெரிதாக, மென்மையான உலோகத்தில் நம்பகமான மரை வேண்டும் என்ற நெருக்கடியும் வளர்ந்தது. கம்பிச்சுருள் மரை அந்தத் தேவைக்காக அமெரிக்க விமானத் துறையில் வளர்ந்து, இரண்டாம் உலகப் போர்க்கால எஞ்சின்களில் பரவியது. இன்றைக்கும் லைகாமிங், கான்டினென்டல் நிறுவனங்களின் சிறு விமான எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் துளைக்குள் கம்பிச்சுருள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. அடிக்கடி கழற்றப்படும் துளை என்று முன்பே தெரியும், அதனால் பழுது வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பைக்கின் ட்ரெயின் துளைக்கும் இந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலைக்கு இறங்குமுன் ஒரு சோதனை. துளையின் ஆழத்தை மெல்லிய கம்பி விட்டு அளந்து, போல்ட் எதுவரை போயிருந்தது என்று ஒப்பிட வேண்டும். பல பாகங்களில் துளை ஆழமாகவே இருக்கும். யாரோ மாட்டிய குட்டை போல்ட் மேலே நாலு மரையை மட்டும் பிடித்து, அதையே உரித்திருக்கும். கீழே நல்ல மரை தொடாமல் கிடக்கும். அப்படியானால் சரியான நீளமுள்ள போல்ட்டே போதும், டிரில்லைத் தொடவே வேண்டாம்.

மரை முழுதும் போயிருந்தால் அடுத்தது டிரில். 6 மி.மீ போல்ட்டுக்கு 6.3, 8 மி.மீக்கு 8.3, 10 மி.மீக்கு 10.4 என்று கிட்டில் கூடவே பிட் வரும். எவ்வளவு குறைவாக உலோகம் போகிறது என்று பாருங்கள். பழைய மரை இருந்த இடத்தைச் சற்றே தாண்டும் அளவுதான். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் கெடுகிறது. ஏற்கெனவே இருக்கும் துளையில் பிட் வேகமாக இழுத்துக்கொண்டு இறங்கும், கை கொஞ்சம் சாய்ந்தாலும் துளை சாய்ந்துவிடும். சாய்ந்த துளையில் போல்ட் சாய்வாக நிற்கும். தலையின் ஒரு ஓரம் மட்டும் அமரும். ட்ரெயின் துளை என்றால் வாஷர் ஒருபக்கம் நசுங்காமல் கசியும். ஹெட் போல்ட் என்றால் போல்ட் வளைந்த நிலையில் பல டன் சுமக்கும். அதனால்தான் நல்ல கிட்களில் பிளாக்கின் முகத்துக்கு இணையாகப் பூட்டிக்கொள்ளும் வழிகாட்டித் தகடு தருகிறார்கள். கழற்ற முடிந்த பாகத்தைக் கழற்றி லேத் பட்டறையின் பெஞ்ச் டிரில்லில் வைத்துச் செய்வது எப்போதும் மேல். பிட்டில் ஆழத்துக்கு ஒரு அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். பிளாக்கில் சில மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் தண்ணீர் அறையோ எண்ணெய்ப் பாதையோ திறந்துகொள்ளும்.

அடுத்து மரை வெட்டும் டேப். சாதாரண 8 மி.மீ டேப் இதற்கு உதவாது. இடைவெளி அதேதான், விட்டம் மட்டும் பெரிதான தனி டேப் கிட்டில் இருக்கும். அலுமினியச் சீவல் டேப்பின் பற்களில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. மண்ணெண்ணெய் தாராளமாக விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று சீவலை உடைத்து உடைத்துப் போக வேண்டும். அடி மூடிய துளைக்கு, முனை கூராத அடிமட்ட டேப்பையும் ஒருமுறை விட வேண்டும். சீவல் எஞ்சினுக்குள் விழாமலிருக்க டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் பூசுவது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. பிறகு சுத்தம் செய்வது. மண்ணெண்ணெய், துணி, காற்று, கண்ணுக்குக் கண்ணாடி. துளையின் அடியில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது சிக்கிய எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லாமல், அந்த அழுத்தம் வார்ப்பையே பிளந்துவிடும்.

சுருளைக் கருவியில் மாட்டி, அதன் அடியில் குறுக்காக நீட்டியிருக்கும் சிறு நாக்கைப் பிடித்துச் சுற்றி இறக்குவார்கள். மேல் முனை பரப்புக்குக் கீழே அரை முதல் ஒரு சுற்று வரை இறங்கி நிற்க வேண்டும். பரப்புக்கு மேலே துருத்தினால் போல்ட்டின் தலை அதன்மேல் அமர்ந்து சுருளையே பிடுங்கும். பின்பக்கமாகச் சுற்றி மேலே எடுக்கப் பார்த்தால் சுருள் விரிந்து துளையில் பிடித்துக்கொள்ளும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அமர்ந்ததும் நாக்கை ஒரு பஞ்ச் வைத்துக் கீழ்நோக்கி ஒரே தட்டில் உடைப்பார்கள். கம்பியில் அதற்காகவே வெட்டுக்கீறல் இருக்கும். உடைந்த துண்டை எடுத்தாக வேண்டும். ட்ரெயின் துளையில் அது நேராக எஞ்சினுக்குள் விழும். இடுக்கியால் பிடித்தபடி உடைப்பதும், கொஞ்சம் புது எண்ணெயை மேலிருந்து ஊற்றிக் கழுவி வெளியேற்றுவதும் அதற்கான வழிகள். நாக்கே இல்லாத சுருள்களும் இப்போது கிடைக்கின்றன.

எந்தத் துளைக்கு எது? பெரும்பாலான கவர் போல்ட், மவுண்டிங் போல்ட்களுக்குக் கம்பிச்சுருள் போதும். அடிக்கடி கழலும் ட்ரெயின் துளைக்கும் சூடும் அழுத்தமும் கூடிய ஸ்பார்க் பிளக் துளைக்கும் நான் கெட்டிப் புஷ்ஷையே சொல்வேன். கார்பன் படிந்த பிளக்கைக் கழற்றும்போது சுருள் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் வாய்ப்பு உண்டு. விளிம்பும் பூட்டும் உள்ள புஷ் வராது. ஃபோர்டின் டிரைடன் எஞ்சின்களில், சில ஹெட்களில் பிளக்குக்கு நான்கு சுற்று அளவே மரை இருந்ததால், ஓடும்போதே பிளக் தெறித்து வெளியே வந்த சம்பவங்கள் அமெரிக்காவில் ஏராளம். அங்கும் நீளமான கெட்டிப் புஷ்தான் நிலையான தீர்வாக ஏற்கப்பட்டது. ஹெட் போல்ட்களுக்கும் அப்படியே. ஒன்று உரிந்திருந்தால் மற்றவையும் அதே வயதில், அதே சூட்டில் இருந்தவை. ஹெட்டைத் திறந்த பிறகு எல்லாத் துளைகளுக்கும் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பு வருமே என்ற கேள்வி நியாயமானது. சுருளைப் பொருத்தும்போது மரைப்பூட்டுத் திரவமோ அரிப்புத் தடுப்புப் பசையோ தடவினால் ஈரம் இடையில் புகாது.

டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அடைப்பது, பெரிய போல்ட்டை அலுமினியத்தில் தன் மரையைத் தானே வெட்டிக்கொள்ளும்படி அடித்து ஏற்றுவது ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதல் இரண்டும் ஒரு டன் இழுவிசையைத் தாங்கும் பொருட்கள் அல்ல. மூன்றாவது, பின்னர் புஷ் போடத் தேவையான உலோகத்தையும் தின்றுவிடுகிறது. நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டியை ஊர் சேர்க்க வேண்டுமானால் பயன்படலாம், அதற்கு மேல் வேண்டாம்.

புஷ்ஷாலும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது. துளையைச் சுற்றியுள்ள சுவர் மிக மெல்லியதாக இருந்தாலோ, வார்ப்பே விரிசல் விட்டிருந்தாலோ பெரிதாக்க உலோகம் இருக்காது. அப்போது ஆர்கான் வெல்டிங்கில் துளையை நிரப்பி, புதிதாக டிரில் செய்து, மரை வெட்ட வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன்மேல் இருக்கும் ஆக்சைடோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மேல்தோல் கெட்டியாகவே இருக்க உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும். மாறுதிசை மின்சாரத்தில் வெல்டு செய்து அந்தத் தோலை உடைத்துக்கொண்டே போகிறார்கள். வார்ப்பின் நுண்துளைகளில் வருடக்கணக்காக ஊறிய எண்ணெய் சூட்டில் கொதித்து வெல்டுக்குள் குமிழி விடும். முன்கூட்டியே சுட்டு, கழுவி, மறுபடி சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். சூட்டில் பதப்படுத்தி உறுதியேற்றிய வார்ப்பாக இருந்தால் வெல்டைச் சுற்றியுள்ள பகுதி மென்மையாகிவிடும். அதனால் நிரப்பிய உலோகத்தில் நேராக மரை வெட்டுவதோடு நிற்காமல், இடம் இருந்தால் அங்கும் எஃகு புஷ் ஒன்றைப் பொருத்திவிடச் சொல்வேன்.

வேலை முடிந்ததும் போல்ட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கையால் முழுதும் இறங்கினால் மரை நேராக இருக்கிறது. எங்காவது பிடித்தால் ஸ்பேனரை எடுக்காமல் காரணத்தைத் தேட வேண்டும். புது வாஷரைப் போட்டு, பாதி டார்க், முழு டார்க் என்று இரண்டு கட்டமாக இறுக்கி, எண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, முழுதாக ஆறிய பிறகு வாஷரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். விரல் உலர்ந்திருந்தால் வண்டியை எடுத்துச் செல்லலாம்.